டவர் முழிச்சுத்தான் இருந்தது

அத்தியாயம் 5

முகத்துக்கு நேராகக் கதவு அறைந்து சாத்தப்பட்டது. வாலின் மூக்கு தப்பியதே பெரிய விஷயம்.

"கொஞ்சம் முன்னாடி நின்னிருந்தா சப்பையாகியிருக்கும்க்கா," என்று மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டான். "ஏற்கெனவே அது ஒண்ணும் பெரிய அழகு இல்ல. இருந்தாலும் பழகிடுச்சு."

வக்கீலம்மா சிரிக்கவில்லை. அழைப்பு மணியில் விரலை வைத்தவர் எடுக்கவே இல்லை.

அவர் கறுப்பு அங்கியைக் கழற்றி ரொம்ப காலம் ஆகிறது. கோபத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்ன நீதிபதியிடம், கோபப்படுகிற மாதிரி நடப்பதைக் குறையுங்கள் என்று பதில் சொல்லிவிட்டு இறங்கி வந்தவர், மறுபடி அந்தப் படி ஏறவில்லை. இப்போது துப்பறியும் தொழில். ஆனால் ஊருக்கு அவர் இன்னும் வக்கீலம்மாதான். வால் அவருடைய உதவியாளன். எப்போதும் பின்னாலேயே போவதால் அந்தப் பெயர் வந்தது என்பது அவன் கட்சி. வாய் சும்மா இருக்காததால் வந்தது என்பது அவர் கட்சி.

கதவு மறுபடி திறந்தது. கசங்கின முகமும் கசங்காத சட்டையுமாக ஒருவன் நின்றான். செத்துப்போன அம்மாளின் மகன். இப்போது தன் அக்கா வீட்டில் இருந்தான்.

"எத்தனை தடவை சொல்றது? என் பொண்டாட்டிக்காக வந்திருக்கீங்கன்னா அவகிட்டயே போங்க. எங்கம்மா மூச்சு விட முடியாம துடிச்சப்ப பக்கத்துல இருந்தது அவ ஒருத்திதான். போன் பண்ணினாளாம், போகலையாம். யார்கிட்ட கதை விடறா? டவர் முழிச்சுத்தான் இருந்துச்சு. அவதான் கூப்பிடல. ரெண்டு பேருக்கும் ஆகாதுன்னு தெருவுக்கே தெரியும். சாகட்டும்னு பார்த்துட்டு நின்னிருக்கா."

"அவங்க போன் உங்ககிட்டதான் இருக்காமே?" என்றார் வக்கீலம்மா.

"தண்ணில விழுந்து போச்சு."

"எந்தத் தண்ணில?"

பதிலுக்குக் கதவுதான் வந்தது. அது மூடுவதற்குள் வால் ஒன்றைப் பார்த்துவிட்டான். கூடத்தில் ஒரு காலில் மட்டும் சாக்ஸ் போட்ட சின்னப் பெண் குழந்தை நின்றுகொண்டு, அம்மாவும் வந்திருக்கிறாளா என்று அவர்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தது. அத்தைக்காரி வந்து அதை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"டவர் முழிச்சிருந்துச்சாம்," என்றான் வால் படியிறங்கும்போது. "காபி குடிச்சிருக்கும் போல."

"வாலு, வாயை மூடு. எரிச்சலா வருது."

எரிச்சல் வராமல் என்ன செய்யும்? மருமகள் வேண்டுமென்றே மாமியாரைச் சாகவிட்டாள் என்று புருஷனே புகார் கொடுத்திருக்கிறான். சாயங்காலம் எல்லாரையும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார் இன்ஸ்பெக்டர். வழக்குப் பதிவானால் அவள் உள்ளே போவாள், குழந்தை நாத்தனார் வீட்டோடு நின்றுபோகும். டவரில் எந்தக் கோளாறும் இல்லை, அந்த நேரத்தில் அவள் போனிலிருந்து அழைப்பும் வரவில்லை என்று போன் கம்பெனி சொல்லிவிட்டது. அதற்கு மேல் யோசிக்க இன்ஸ்பெக்டருக்கு மனசில்லை.

மருமகள் ஒரு பேக்கரியில் காலை ஷிஃப்ட் பார்ப்பவள். இவர்கள் போனபோது வீட்டில் மாமியாரின் கட்டிலைத் தட்டி விரித்துக்கொண்டிருந்தாள். படுக்க ஆள் இல்லாத கட்டில். விரிப்பை இழுத்த இழுப்பிலேயே கோபம் தெரிந்தது.

"அத்தைக்கும் எனக்கும் தினமும் சண்டைதாங்க. டிவி சத்தம், ஃபேன் வேகம், பாப்பாவுக்கு எந்தக் கவுன் போடறது, எல்லாத்துக்கும் சண்டை. யாரைக் கேட்டாலும் சொல்வாங்க, நானே சொல்வேன். சண்டை போடறதுக்காவது எனக்கு அவங்க வேணும்ல?"

"அன்னைக்கு என்ன நடந்துச்சு?"

"மத்தியானம் நல்லா சாப்பிட்டாங்க. கொஞ்ச நேரத்துல மூச்சு இழுக்க ஆரம்பிச்சுது. ஆம்புலன்ஸுக்குப் போட்டேன், போகல. டாக்டருக்குப் போட்டேன். இவருக்குப் போட்டேன். மணியே அடிக்கல. நாம பேசறது சுவத்துல போய் விழற மாதிரி இருந்துச்சு. மொட்டை மாடிக்கு ஓடினேன், அங்கயும் இல்ல. இந்தப் பக்கம் எடுக்கிறது இந்த ஒரு கம்பெனி டவர்தான். டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டினேன், திறக்கல. அப்புறம் மெயின் ரோட்டுக்கு ஓடி, தண்ணி கேன் வண்டியை மறிச்சு, டிரைவரைக் கூட்டிட்டு வந்து தூக்கிட்டுப் போனோம்." விரிப்பை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "ஆஸ்பத்திரிக்கு இவர் வந்ததும் போனே போகலைன்னு சொன்னேன். ஒரு வார்த்தை பேசல. என் கையில இருந்து போனைப் பிடுங்கிட்டுப் போனவர்தான். மறுநாள் ஸ்டேஷன்ல புகார்."

வக்கீலம்மா வாலைப் பார்த்தார். குற்றம் சாட்டுகிறவன் எதற்காக ஆதாரத்தை அழிக்க வேண்டும்? கூப்பிடவில்லை என்று நிரூபிக்க அந்த போனைவிட நல்ல சாட்சி ஏது?

டீச்சர் என்பவர் பக்கத்து வீட்டில் டியூஷன் எடுப்பவர். தன் போன் அந்த நேரத்தில் நன்றாக வேலை செய்தது, மகளோடு முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தேன் என்று போலீஸில் சொன்னவர் அவர்தான். வந்தவர்களிடமும் அதையே அடித்துச் சொன்னார். இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு பேசியதால் கதவு தட்டியது கேட்கவில்லையாம்.

"டீச்சர், வைஃபை பாஸ்வேர்டு கொஞ்சம் சொல்றீங்களா?" என்று கேட்டான் வால்.

"விசாரணைக்கு வந்தீங்களா, வீடியோ பார்க்க வந்தீங்களா?"

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு டீச்சர். உங்க மககிட்ட எதுல பேசினீங்க? டவர்லயா, இதுலயா?" சுவரில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்த டப்பாவைக் காட்டினான்.

டீச்சர் டப்பாவைப் பார்த்தார். தன் போனைப் பார்த்தார். அடுத்தவர் விடைத்தாளில் ஆயிரம் தப்பைக் கண்டுபிடித்தவருக்குத் தன் தப்பு விளங்கச் சற்று நேரம் பிடித்தது.

"அப்போ டவர் வேலை செஞ்சுதான்னு எனக்கு..."

"தெரியாது," என்றார் வக்கீலம்மா. "தெரியாததைத்தான் போலீஸ்ல சாட்சியா சொல்லியிருக்கீங்க."

வெளியே வாசலில் நின்றிருந்த மருமகளிடம் வால் கேட்டான். "உங்க வீட்டுல ஏம்மா வைஃபை இல்ல?"

"அவர் வேண்டாம்னுட்டார். ராத்திரி பகலா கரண்ட் தின்னும்பார். அவர் வேலையே அதுதானே. கரண்ட் மிச்சம் பிடிக்கிற கம்பெனி. பெரிய பெரிய இடங்கள்ல எது தேவையில்லாம ஓடுதோ, அதைப் பார்த்து நிறுத்தற வேலை."

"எங்க வீட்டு ஓனர் அதைச் சம்பளம் வாங்காமயே செய்யறார்," என்றான் வால். மருமகள் கொஞ்சமாகச் சிரித்தாள். உடனே, சிரித்ததற்காகத் தன் மேலேயே கோபப்பட்டவள் போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆக மிச்சம் இருந்த ஒரே சாட்சி போன் கம்பெனி.

அங்கே குளிர் எலும்பைத் தொட்டது. சுவர் முழுக்க ஒரே திரை. அதில் ஊர் வரைபடம், அதன் மேல் பச்சையும் நீலமுமாகப் புள்ளிகள். எதிரே டை கட்டிய இன்ஜினீயர் ஒருவர், சிரிப்பதற்கும் சம்பளம் உண்டு என்பது போலச் சிரித்தார்.

"மேடம், போலீஸுக்கே எழுதிக் கொடுத்துட்டோம். அந்த டவர்ல கோளாறு எதுவும் இல்ல."

"கோளாறு இல்லன்னா வேலை செஞ்சுதுன்னு அர்த்தமா?"

சிரிப்பு கொஞ்சம் தடுக்கியது. "கோளாறு இல்லன்னா... கோளாறு இல்லன்னு அர்த்தம்."

"சரி. பச்சைன்னா என்ன? நீலம்னா என்ன?"

"பச்சை ஓடிட்டிருக்கு. நீலம் தூங்குது."

"ஆஃப் ஆகியிருக்கா?"

"ஐயோ, ஆஃப்னு சொல்லாதீங்க." டைக்காரர் உண்மையாகவே பதறிப்போய்ப் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டார். "இங்க யாரும் அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டோம். ஆஃப்னா கோளாறு. கோளாறுன்னா மேலிடத்துக்குப் பதில் சொல்லணும். தூக்கம்னா பாராட்டு. டவர்ங்கறது யாரும் பேசலைன்னாலும் கரண்டைக் குடிச்சுட்டே இருக்கும் மேடம். அதனால ஆள் குறைவா இருக்கற நேரத்துல ஒரு டவரைத் தூங்க வெச்சுட்டு, அங்க இருக்கறவங்களைப் பக்கத்து டவர் பார்த்துக்கற மாதிரி பண்ணுவோம். காலியா ஓடற பஸ்ஸை நிறுத்திட்டு, நாலு பேரை அடுத்த பஸ்ல ஏத்திவிடற மாதிரி. எவ்வளவு மிச்சம் தெரியுமா? காத்துக்கும் நல்லது, பூமிக்கும் நல்லது."

"நல்ல விஷயம்தான்," என்றான் வால். "அடுத்த பஸ் அந்தத் தெரு வழியா வருமா?"

டைக்காரர் கழுத்து டையைத் தளர்த்திக்கொண்டார்.

வக்கீலம்மா எழுந்து திரையருகே போனார். அன்றைய மத்தியானத்தைக் காட்டச் சொன்னார். அவர் கேட்ட தொனியில், மேலதிகாரியிடம் அனுமதி வாங்க வேண்டும் என்பதை டைக்காரர் மறந்தே போனார். வரைபடம் மாறியது. மருமகள் வீட்டுப் பக்கத்துப் புள்ளி நீலமாக இருந்தது. பக்கத்து டவருக்கும் அந்தத் தெருவுக்கும் நடுவில் மலை மாதிரி ஒரு குளிர்பதனக் கிடங்கு.

"கிடங்கு மறைக்குது," என்றார் டைக்காரர் மெதுவாக. "அந்தத் தெருவுக்கு எட்டியிருக்காது. ஆனா சாதாரணமா அந்தப் பக்கத்து ஆள் யாருக்காவது கிடைக்கலைன்னா இது தானா முழிச்சுக்கணுமே." எதையோ தட்டிப் பார்த்தார். முகம் தொங்கிப்போயிற்று. "எழுப்பற ஏற்பாட்டை எடுத்துவிட்டிருக்காங்க. அடிக்கடி முழிச்சா மிச்சம் குறைஞ்சிடும்னு எடுத்திருக்கணும். அது செய்யக்கூடாது மேடம்."

"ஒரு அம்மா மூச்சடைச்சுச் செத்திருக்காங்க. நீங்க கோளாறு இல்லன்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க."

"எழுதினது உண்மைதானே மேடம்?"

வாலுக்கு அந்த டையைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றலாமா என்று இருந்தது. அவன் கோபப்படுவது அபூர்வம். கோபத்தை எல்லாம் அக்காவே பார்த்துக்கொள்வார் என்று நிம்மதியாக இருந்துவிட்டவன். இப்போது கை தானாக முஷ்டியானதில் அவனுக்கே ஆச்சரியம்.

"எடுத்துவிட்டது யாரு?"

"நாங்க இல்ல. இந்த வேலையை வெளில ஒரு கம்பெனிக்குக் கொடுத்திருக்கோம். கரண்ட் மிச்சம் பிடிக்கறதே அவங்க தொழில். எந்த டவர் எப்போ தூங்கணும், எப்போ முழிச்சிருக்கணும்னு அவங்க ஆளுங்கதான்..."

"என்ன சொன்னீங்க?"

"அவங்க ஆளுங்கதான்..."

"அதுக்கு முன்னாடி."

"எப்போ தூங்கணும், எப்போ முழிச்சிருக்கணும்னு."

வக்கீலம்மா கைப்பையை எடுத்துக்கொண்டார். "நீங்க போலீஸுக்கு இன்னொரு தடவை எழுதிக் கொடுப்பீங்க. இந்தத் தடவை முழு உண்மையை. வாலு, கிளம்பு."

ஸ்கூட்டர் சிக்னலில் நின்றபோதுதான் வாலுக்கு விஷயம் விளங்கியது.

"அக்கா, நாம எல்லாம் டவர் இருந்துச்சு, இல்லன்னு சொல்வோம். டவர் முழிச்சிருந்துச்சுன்னு அந்தம்மா மகனைத் தவிர எவனும் சொல்ல மாட்டான்."

"ம்."

"நான் காபி குடிச்சிருக்கும்னு ஜோக் அடிச்சேன்."

"அடிச்சே. உன் ஜோக்குல எரிச்சலாகி நானும் அதைக் கோட்டை விட்டேன். இது சந்தேகம்தான், இதை வெச்சு இன்ஸ்பெக்டர் அசைய மாட்டார். அந்த இடத்துல வேலை செய்யற ஆள் எத்தனையோ பேர். இவன்தான்னு இவன் வாயால வரணும். நான் பேசும்போது நீ குறுக்கே பேசினே, வாலை நறுக்கிடுவேன்."

ஸ்டேஷனில் எல்லாரும் வந்திருந்தார்கள். மருமகள் ஒரு பெஞ்சு ஓரம். எதிர்ப் பெஞ்சில் புருஷனும் அவன் அக்காவும். அக்கா தோளில் குழந்தை தூங்கிப்போயிருந்தது. தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் ஒரு மேஜைதான், ஆனால் தாண்டக் கூடாத மேஜை. இன்ஸ்பெக்டர் எழுதத் தயாராகப் பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

வக்கீலம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மிகவும் மெதுவான குரலில் பேச ஆரம்பித்தார். வாலுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அவர் கத்தினால் பரவாயில்லை. மெதுவாகப் பேசினால் யாரோ தொலைந்தார்கள் என்று அர்த்தம்.

"சார், போன் போகாததுக்குக் காரணம் தெரிஞ்சுடுச்சு. அன்னைக்கு அந்த டவர் கெட்டுப்போயிருந்துச்சு."

"கெட்டுப்போகல," என்றான் மகன். "கம்பெனியே எழுதிக் கொடுத்திருக்கு."

"அப்போ ஆஃப் ஆகியிருக்கும்."

"ஆஃப் ஆகல."

"எனக்கென்னப்பா தெரியும், நீ சொன்னா சரி." இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் விசாரிச்சதுல இதுதான் சார். தொழில் தெரியாத எவனோ ஒருத்தன், சின்னப் பையன் வீட்டு லைட்டை அணைக்கற மாதிரி, டவரைப் பட்டுனு அணைச்சுட்டுப் போயிட்டான். எந்த டவரை அணைக்கலாம், எதை அணைக்கக் கூடாதுன்னுகூடத் தெரியாத அரைவேக்காடு. வேலை கத்துக்காம வந்து உட்கார்ந்தவன்."

"அணைக்கலங்க." மகனின் குரல் உயர்ந்தது. "தூங்க வெச்சது அது. அணைக்கறது வேற, தூங்க வைக்கறது வேற. ஆள் எவ்வளவு, பக்கத்து டவர் தாங்குமா, எல்லாம் கணக்குப் பார்த்துத்தான் தூங்க வெச்சேன். தெரியாம..."

அவனுக்கே கேட்டுவிட்டது.

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடி மேஜையில் வைத்தார்.

"யாரு தூங்க வெச்சது?" என்றார்.

மகன் தன் அக்காவைப் பார்த்தான். அங்கே உதவி கிடைக்கவில்லை. "மத்தியானத்துல அந்தத் தெருவுல யாரும் பேச மாட்டாங்க சார். எல்லாரும் வேலைக்குப் போயிடுவாங்க. எனக்குத் தெரியாதா, நான் அங்கதானே குடியிருக்கேன்? வெத்துத் தெருவுக்கு ஒரு டவர் ஓடிட்டிருக்கு. எழுப்பற ஏற்பாடு இருந்தா சும்மா சும்மா முழிச்சுக்குது. எங்க ஏரியாதான் மிச்சத்துல முதல்ல வந்துட்டிருந்துச்சு. அதுக்காகத்தான்..."

"அம்மா வீட்லதானேடா இருந்தாங்க," என்றாள் அக்கா.

அவன் கசங்காத சட்டையின் நுனியைக் கசக்கிக்கொண்டிருந்தான்.

"மத்தியானம் முழுக்க அம்மா வீட்லதானேடா இருந்தாங்க. வெத்துத் தெருங்கறியே."

வக்கீலம்மாவின் மெதுவான குரல் அதோடு முடிந்துபோயிற்று. மேஜையில் கையை ஊன்றி எழுந்தார். "டவரைத் தூங்க வெச்சது ஒரு தப்பு. அதுக்கு உன் கம்பெனியும் பதில் சொல்லும், கோளாறு இல்லன்னு எழுதினவங்களும் பதில் சொல்வாங்க, நான் விடப் போறதில்ல. ஆனா ஆஸ்பத்திரியில இவ, போன் போகலைன்னு சொன்னாளே, அந்த நிமிஷமே உனக்கு எல்லாம் புரிஞ்சுடுச்சு. உலகத்துலயே உனக்கு ஒருத்தனுக்குத்தான் புரிஞ்சுது. புரிஞ்சதும் என்ன பண்ணினே? அழக்கூட இல்ல. அவ கையில இருந்த போனைப் பிடுங்கினே. அவளை ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்தே. பெத்த குழந்தைகிட்ட, உங்கம்மாதான் பாட்டியைக் கொன்னான்னு சொல்லி வளர்க்கத் துணிஞ்சே."

"வேலை போயிடும்னு..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். அந்த அறையில் அந்த வாக்கியத்தை முடிக்க அவனுக்கே வெட்கமாக இருந்திருக்க வேண்டும்.

அக்கா எழுந்தாள். மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து, தூங்குகிற குழந்தையை மருமகளின் மடியில் கிடத்தினாள். குழந்தையின் வெறும் காலை முந்தானையால் மூடிவிட்டுத் தள்ளி நின்றுகொண்டாள்.

மருமகள் குழந்தையின் தலையைத் தோளில் சரியாகச் சாய்த்துக்கொண்டு புருஷனைப் பார்த்தாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"வண்டியில போகும்போது அத்தைக்கு நினைவு இருந்துச்சு," என்றாள். "என் கையைப் பிடிச்சுட்டு, அவன் போன் எடுத்தானான்னு கேட்டாங்க. திரும்பத் திரும்ப அதையேதான் கேட்டாங்க. எடுத்துட்டார் அத்தை, ஓடி வந்துட்டிருக்கார்னு சொன்னேன். அதுக்கப்புறம்தான் என் கையை விட்டாங்க. உங்கம்மாகிட்ட உங்களுக்காக நான் சொன்ன கடைசிப் பொய் அது. இனிமே சொல்ல மாட்டேன்."

இன்ஸ்பெக்டர் புதுத் தாளை எடுத்து, மகனின் முன்னால் தள்ளினார்.

வால் வெளியே வந்து ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டு நின்றான். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. வக்கீலம்மா வந்து பின்னால் ஏறிக்கொண்டார்.

"என்னடா, ஒண்ணும் சொல்லக் காணோம்?"

"இல்லக்கா," என்று வண்டியைக் கிளப்பினான் வால். "எங்கம்மாவுக்கு ஒரு போன் பண்ணிட்டுப் போலாமா?"